கவிழ்ந்து கிடக்கும் தொப்பி

குதைபியாவில் கடையை மூடிய வாரம்
வர்க்கி காசெட்டுகளைப் பையாகப் போட்டு விற்றார்.
ஒரு பை ஒன்றரை தினார்.
சண்டைப் படங்களுக்கு அடியில் இது இருந்தது:
அட்டையில் வெயில் தின்ற இரண்டு முகங்கள்,
பெயர் இருந்த இடத்தில் விலைச்சீட்டு.

கறுப்பு வெள்ளை.
அமெரிக்காவில் எங்கோ ஒரு ரயில் நிலையம்.
அவள் பேசுவதில் பாதி எனக்குப் பிடிபடாது,
அத்தனை வேகம்,
சண்டையும் கொஞ்சலும் ஒரே மூச்சில்.
அவன் சிகரெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பான்,
பற்றவைக்க மாட்டான்.
விளக்கை எங்கே வைத்தார்களோ,
அழுவதற்கு முன்பே அவள் கண் மினுங்கிவிடுகிறது.

கீழே அரபி எழுத்து வலமிருந்து இடம் ஓடும்,
ரயில் எதிர்த்திசையில்.
வார்டில் கற்ற அரைகுறை அரபியில்
எழுத்துக்கூட்டினால் ஒரு சொல் தேறும்: ஹவா.
காற்று.
கடைசியில் கொஞ்சம் குறுக்கினால் காதலாம்.

பிறகு அந்த இடம்.
அவன் குனிகிறான்.
அவள் முகவாய் ஒரு விரற்கடை உயர்கிறது.
வயலின்கள் எல்லாம் மூச்சைப் பிடித்து
டக்.
ரயில் புகை.

எந்த அதிகாரியோ, எந்தக் கத்தரியோ,
அவசரக்காரர்.
தொப்பியை மறந்துவிட்டார்.
இப்போதுதான் அவன் தலையில் இருந்தது,
பிளாட்பாரத்தில் கவிழ்ந்து கிடக்கிறது.
அவள் காலரில் குத்திய பூ
நசுங்கியிருக்கிறது.

தனிஸ்லாஸுக்கு சித்ரா ஆலையில் பகல்.
எனக்கு ஆஸ்பத்திரியில் இரவு.
காலை ஆறேகாலுக்கு
ஜன்னலே இல்லாத படிக்கட்டில் சந்திப்போம்.
சாவி கைமாறும்.
"பால் தீந்துபோச்சு."
"சரி."
எங்கள் வசனம் அவ்வளவுதான்.

இரவில் அவர் பார்ப்பார்,
பகலில் திரைச்சீலையை இழுத்துவிட்டு நான்.
அவர் நிறுத்திய இடத்திலிருந்து தொடங்குவேன்.
பெரும்பாலும் தொப்பியில் நிறுத்தியிருப்பார்.
வெள்ளிக்கிழமை சோற்றுக்கு முன்னால் கேட்டால்
"காத்தடிச்சு விழுந்திருக்கும்" என்பார்,
மீனில் முள் எடுத்தபடி,
என்னைப் பார்க்காமல்.

காசெட் போய், அதைப் போடும் பெட்டியும் போய்,
போன வருடம் மாரிசெல் முழுப் படத்தையும்
ஃபோனில் அனுப்பிவைத்தாள். வெட்டாதது.
எண்ணிப் பார்த்தேன், ஏழு விநாடி.
அவள் முழங்கை பட்டுத்தான் தொப்பி விழுகிறது.
நன்றாகத்தான் இருந்தது.
இருபது வருடமாக நாங்கள் எடுத்து வைத்திருந்தது
இன்னும் நீளம்.
அவரிடம் சொல்லவில்லை.
அழித்துவிட்டேன்.

இன்று காலை ஆறேகால்.
எனக்குக் கால்வீக்கம், அவருக்குத் தூக்கம் போதவில்லை.
சாவியை நீட்டினேன்.
அவர் சாவியை வாங்காமல்

மூன்றாவது படியில்
மஞ்சள் ஹெல்மெட் கவிழ்ந்து கிடக்கிறது,
இன்னும் லேசாக ஆடிக்கொண்டு.
எதிர்வீட்டு எகிப்துக்காரர்
குப்பைப் பையோடு கதவைத் திறந்து
அதைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்.

"ஹவா" என்றார் தனிஸ்லாஸ்.