மூன்று மில்லிமீற்றர்

மஹரகமையிலிருந்து 138இல் வந்தது ஒரு தட்டு,
ஷொப்பிங் பைக்குள், அரை றாத்தல் பாணோடு.
மற்றது எங்கள் நிலக்கீழ் அறையில் எடுத்தது,
போன மாசியில், காந்தத்தின் தடதடப்புக்குள்.
இரண்டிலும் ஒரே ஆள்:
பெனடிக்டா கொரேரா, முப்பத்துநான்கு,
காஸ்வேர்க்ஸ் வீதி இரும்புக்கடையில் காசாளர்.
ஒன்றில் பெயரில் ஓர் எழுத்துக் குறைவு.
பிறந்த தேதியை வைத்து உறுதிசெய்தேன்.

காந்தப் படம் நல்ல பிள்ளை.
மடிப்பு மடிப்பாக எல்லாம் காட்டும்.
மூன்று முறை பார்த்தும்
குறிப்பிடத்தக்க குறை எதுவுமில்லை என்றே சொல்லும்.

சீனிப் படம் வேறு மாதிரி.
ஊசியில் ஏற்றிய சீனியை
மூளை எங்கே தின்கிறது என்பது மட்டுமே அதற்குத் தெரியும்.
வலது நெற்றிக்குப் பின்னால்
பசியில்லாத ஓர் இடம்,
அடைமழையில் பஸ் கண்ணாடிக்கூடாகப் பார்த்த
பொரளைச் சந்தி போல.
எந்த இடம் என்று கேட்டால்
அந்தப் பக்கம் என்று கையை நீட்டும்.

ஒன்றின்மேல் ஒன்றை வைக்க வேண்டும்,
அவ்வளவுதான்.
ஆனால் அங்கே தலையணை உயரம்.
இங்கே கழுத்து இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது.
இடையில் ஏழு மாதம்,
ஐந்து கிலோ குறைந்திருக்கிறாள்.
மென்பொருள் தானாகப் பொருத்தி
பச்சைச் சரி போட்டுவிட்டது.
கண் சரி, மூக்கு சரி.
பின்மண்டையில் மட்டும்
மூளை எலும்புக்குள் ஏறி நிற்கிறது.

மூன்று மில்லிமீற்றர்.
அவளுடைய கடையில் ஒரு வொஷரின் தடிப்பு.
இங்கே ஒரு மடிப்பே தொலைந்துபோகும்.

மின்சாரம் போய், ஜெனரேற்றர் இருமி எழுந்தது.
கையாலேயே தொடங்கினேன்.
சீனிப் படத்தோடு கூடவே எடுத்த எலும்புப் படத்தில்
உட்காதின் நத்தைச்சுருள்கள்;
காந்தப் படத்திலும் அதே சுருள்கள்.
ஒன்றில் வெளுப்பு, ஒன்றில் கறுப்பு.
பரவாயில்லை.
பொருந்துவதென்றால் ஒன்றுபோல் இருப்பதல்ல.
ஒன்றைத் தெரிந்தவர்
மற்றதைப் பாதியாவது ஊகிக்க முடிந்தால்
அது ஒரே தலை.

கோப்பில் இன்னும் இரண்டு சாட்சியங்கள் கிடந்தன.
கணவர் அலோசியஸ்:
இடக்கை முறுகும், கண் மேலே போகும்,
இரண்டு நிமிசம், சிலவேளை மூன்று.
பெனடிக்டா:
ஒண்டும் நடக்கேல்ல.
மிச்சக்காசு எண்ணிக்கொண்டிருந்தன்,
முன்னால நிண்டவர் திடீரெண்டு வேற ஆளா இருந்தார்.
இவை இரண்டையும் பொருத்த
எங்களிடம் மென்பொருள் இல்லை.

ஒரு பாகை திருப்பி,
கொஞ்சம் கீழே இறக்கி,
மறுபடி அரைப் பாகை.
பிறகு சீனிப் படத்தை மெல்ல மங்க வைத்தேன்,
நூறு, எழுபது, நாற்பது.
செம்மஞ்சள் வற்றிய இடத்தில்
ஒரு பள்ளத்தின் அடி தெரிந்தது,
சற்றுத் தடித்து,
மை ஊறிய கடதாசி ஓரம்போலக் கலங்கி.

ஏழு மாதமாக அது அங்கேயேதான் இருந்தது.
மூன்றாம் முறை பார்த்துக் கையொப்பம் போட்டது நான்.

செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில்
சத்திரசிகிச்சையாளர் விதானகே ஒரேயொரு கேள்விதான் கேட்டார்:
நிச்சயமா?
இருக்கலாம் என்றேன்.
இருக்கலாம் என்ற சொல்லுக்கு மேலே
மண்டையோட்டைத் திறக்க முடியாது என்றார்.
முதலில் மின்கம்பிகள் வைத்துப் பார்ப்பதென்று முடிவானது.

வியாழன் அவளே வந்தாள்,
கடையின் பெயர் பொறித்த சட்டையோடு.
திரையை நெடுநேரம் பார்த்தாள்.
உள்ளுக்கு இப்பிடியா டொக்டர், நெருப்பு மாதிரி?
இல்லை, நிறம் நாங்கள் போட்டது.
அப்ப வேற நிறம் போடுங்கோ.
நீலம் போட்டேன்.
நீலத்திலும் அந்த இடம் இருண்டே கிடந்தது.

இதுவா? என்று விரல் வைத்தாள்.
கொஞ்சம் விலகி.
அவள் விரலைப் பிடித்து
ஒரு வொஷர் அளவு நகர்த்தினேன்.