இடது காதுக்கு மட்டும்

மிளகாய் அரைத்த கல்லிலேயே
அவள் வாளியையும் கவிழ்த்துவிட்டேன்.
"கல்லைத் தொடச்சிட்டுப் போடுக்கா, பிள்ளைக்கு" என்று
பிரம்மசக்தி இரண்டு தரம் சொன்னாளாம்.
நான் தலையாட்டினேனாம்.

ஆட்டியிருப்பேன்.
பதினெட்டு வருசம் மாவு மில் ஓட்டியவளுக்குத்
தலை தானாக ஆடும்.
கம்பா சோளமா, நைசா குருணையா,
பாத்திரத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.
தெரியாததற்கு ஒரு சிரிப்பு வைத்திருந்தேன்.

எட்டு மாசக் குழந்தை.
முதல் வாய் கூழுக்கே
பணகுடி பூராவும் கேட்க அழுததாம்.
எனக்குத்தான் கேட்கவில்லை.

வண்ணார்பேட்டையில், மாடியில், ஒரு கண்ணாடி அறை.
"சத்தம் வந்தா பொத்தானை அமுக்குங்கம்மா."
அமுக்கினேன்.
"இன்னும் நான் ஒண்ணுமே வைக்கலியே" என்றது அந்தப் பிள்ளை.
அப்படியென்றால் அது என் மில்.
கரண்டு இல்லாத ராத்திரியிலும்
உள்ளே ஓடிக்கொண்டிருப்பது.

தாளில் கோடு போட்டுக் காட்டினாள்.
இடப்பக்கம் கொஞ்சம் மேடு, பிறகு விறுவிறுவென்று இறக்கம்;
எங்கள் மில் வாசலில் நின்று
மகேந்திரகிரியைப் பார்த்தது போல.
"இந்தச் சரிவுலதான்
ச, த, க எல்லாம் விழுந்து கிடக்கு" என்றாள்.

ஒன்று இருபத்துநாலாயிரம்.
ஜோடியாக எடுத்தால் ஆயிரம் குறைப்பார்களாம்.
வளையல் கடையா இது?
"எந்தக் காதுக்கு வேணும்?"
வலது பக்கம் மோட்டார், இடது பக்கம் ஆட்கள்.
இடது காதுக்கு என்றேன்.
கம்மலை அடகு வைத்துக்
காது வாங்கி வந்தேன்.

வீட்டுக்காரர் பொன்னுலிங்கம்
பெட்டியை மூன்று முறை திருப்பிப் பார்த்தார்.
"ரெண்டு ஆடு வாங்கியிருக்கலாம்லா" என்று முனகினார்.
கேட்டது.
இத்தனை வருசம் என்னென்ன முனகினாரோ.

ஆரஞ்சு ஒட்டுத்தாளை உரித்து
பேட்டரியை ஒரு நிமிசம் காற்று வாங்க விட வேண்டும்.
பத்து நாளைக்கு ஒன்று.
இங்கே வாட்ச் கடையில் கேட்டால்
சுவர்க்கடிகாரத்துக்குப் போடுவதை நீட்டுகிறார்.
வண்ணார்பேட்டை போய்வந்தால்
பேட்டரியை விட பஸ்ஸுக்கு அதிகம்.
ராத்திரி, நீல மணி போட்ட டப்பாவுக்குள் அது தூங்கும்.
என் வேர்வையைக் குடித்துக் குடித்து
மணி ரோஸ் ஆகிவிட்டால் மாற்று.
குட்டி பிரஷ்ஷால் குறும்பி எடு.
தலைக்கு எண்ணெய் வழிய வைக்காதே.
எல்லாம் சொன்ன பிள்ளை
ஆடிக் காற்றைப் பற்றிச் சொல்லவில்லை.
காற்றாலைகள் சுற்றுகிற எங்கள் ஊரில்
தெருவில் கால் வைத்ததும்
காதுக்குள் லாரி போகிறது.

மில்லில் மட்டும் மாட்டக் கூடாது.
மாவு அடைக்கும்.
எந்த இடத்தில் தொலைத்தேனோ
அங்கேயே கழற்றி வைக்கிறேன்,
பெருங்காய டப்பாவில்.
அணைக்க மறந்த நாளில்
உள்ளே தனியாக விசிலடிக்குமாம்.
மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும்.

போன வெள்ளிக்கிழமை பிரம்மசக்தி வந்தாள்.
ஏழு மாதமாக வடக்கன்குளம் மில்லுக்குப் போனவள்.
இடுப்பில் அந்தப் பிள்ளை. வாளி இல்லை.
வாய் அசைந்தது.

தலையைப் பிடித்துக்கொண்டேன்.
மோட்டாரை நிறுத்தினேன்.
பெல்ட் உடனே நிற்காது,
தன் இஷ்டத்துக்குத் தட்டித் தட்டி ஓய
அரை நிமிசம் ஆகும்.
வரிசையில் நின்றவர்கள் முறைத்தார்கள்.
கையைத் துடைத்து, டப்பாவைத் திறந்து, மாட்டி,
"இப்பம் சொல்லு" என்றேன்.

கல்லைப் பற்றித்தான் கேட்கப்போகிறாள் என்று
வயிறு கலங்கியது.

"அது என்ன விலைக்கா?
குவாரியில வெடி வச்சு வெடி வச்சு
எங்க வீட்டுக்காரருக்கும்…"

பிள்ளை என் காதைப் பிடிக்கக் கை நீட்டியது.
பெருங்காய வாசம் அடித்திருக்கும்.

நான் பிரம்மசக்தியின் காதைப் பார்த்தேன்.
"கம்மல் தங்கந்தானா?"