மூன்று வரிகள்

பாதிக்கப்பட்டவர் எழுத
படிவத்தில் மூன்று வரிதான் இடம்.
பைன்டவுன் நீதிமன்ற வராந்தாவில்
பேனாவை மூடுகிறேன், திறக்கிறேன்.

கிரான்ஸ்க்ளூஃப் பள்ளத்தாக்கு. ஞாயிறு. காலை ஏழேகால்.
ஓடையின் ஐந்தாவது கல்லில் என் கால்.
எதிர்க்கரையில் அவன் கத்தி.
ரொட்டி நறுக்கும் கத்திதான்,
கைப்பிடியில் கறுப்பு டேப்.

போன். கடிகாரம். பிறகு,
"ஷூவும், ஆண்ட்டி."
ஆண்ட்டி என்றான்!
தண்ணீர்ப் புட்டியை மட்டும் திருப்பிக் கொடுத்தான்.
கத்தி நடுங்கியது. பயம் என்று நினைத்தேன்.
தூள் கிடைக்காத குடல் முறுக்குவது
எனக்கு எப்படித் தெரியும்?
நான் விழுந்தது அவன் தள்ளியதாலா,
அவன்மேல் நான் பாய்ந்ததாலா,
போலீஸ் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.

இருபது வருடமாக அடுத்தவர் எலும்பைப் படமெடுப்பவள்
அன்று என் முழங்காலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.
இப்போது அதில் இரண்டு திருகாணி.

மலையேற்றக் குழுவில் ஒரே சத்தம்.
பதினைந்து வருடம் உள்ளே போடு,
சாவியை ஓடையில் எறி என்றார் பூபாலன்.
தெம்பேகா தேநீரை ஆற்றிக்கொண்டே சொன்னாள்:
"என் தம்பியைப் போட்டார்கள்.
தூளோடு போனான், கத்தியோடு வந்தான்."
அதன்பின் யாரும் கேக்கைத் தொடவில்லை,
பூபாலனைத் தவிர.

மறுவாழ்வு இல்லத்தில் ஏழு மாதக் காத்திருப்பு.
சிறையில் இன்றைக்கே இடம் உண்டு.

பெயர் ருவேந்திரன். பத்தொன்பது. சாட்ஸ்வர்த்.
அங்கே அந்தத் தூளுக்கு சுகர்ஸ் என்று பெயர்.
எங்கள் வீட்டில் சர்க்கரை என்றால்
அப்பாவின் இடது காலை வாங்கிய நோய்.
லட்டு திருடித் தின்றதற்கு
அவரை யாரும் அடைத்து வைக்கவில்லை.
ஆனால் அப்பா
யார் முன்னும் கத்தி நீட்டியதில்லை.

அவன் அம்மா
தையல் ஆலைச் சீருடையோடு வந்திருக்கிறாள்.
என் காலையே பார்க்கிறாள்.
"நாப்பது ராண்டுக்கு வித்துட்டான், அந்த ஷூவை."
நான் கேட்கவே இல்லை.
"நீங்க என்னத்தையும் எழுதுங்க.
நான் ஒரு ராத்திரியாவது
கதவுக்கு அலமாரியை முட்டுக்கொடுக்காம தூங்கணும்."

முதல் வரி: முழங்கால் முழுதாக மடங்கவில்லை.
இரண்டாம் வரி: அவன் நடுக்கம் நிற்க வேண்டும்,
எங்கே என்று எனக்குத் தெரியவில்லை.
மூன்றாவதை
'நான்தான் முதலில்' என்று தொடங்குகிறேன்.

உள்ளேயிருந்து எழுத்தர்
கோகிலாம்பாளைத் துண்டு துண்டாக உடைத்துக்
கூப்பிடுகிறார்.