நாலாவது இலக்கம்

ஆறு மூன்று ஆறு பூஜ்யம் பூஜ்யம் ஒன்று என்றால்
டவுனுக்குள்ளேயே.
நாலாவது இலக்கம் ஆறாகிவிட்டால்
ஏற்காடு. இருபது கொண்டை ஊசி வளைவு.
போன ஆவணியில் ஒரு முகூர்த்தப் புடவை
அப்படித்தான் மலையேறி
மூன்று நாள் மழையில் கிடந்தது.
பெண் வீட்டார் ஐந்து ரோடு கோடவுனுக்கே வந்து
கத்திவிட்டுப் போனார்கள்.
அன்றிலிருந்து பார்சலில் நான்
மேல் வரியைப் படிப்பதில்லை.

மேலே எதையும் எழுதலாம்.
"கலெக்டர் ஆபீஸ் எதிரில்" என்பார்கள்.
போய்ப் பார்த்தால் எதிரில் என்பது
ஒன்றரைக் கிலோமீட்டர்.
அவசரம், கண்ணாடிச் சாமான், மேலதிகாரி பார்வைக்கு,
எல்லாம் மேல் வரி.
எந்தப் பையில் விழ வேண்டும் என்பதைக்
கடைசி வரிதான் சொல்லும்.

நேற்று ராத்திரி எட்டே முக்காலுக்குப் பிலவேந்திரன் போன்.
மலை வண்டி அவனுடையது.
பதினோராம் வளைவில் ஓரம் கட்டியிருந்தான்,
இண்டிகேட்டர் டிக் டிக்கென்று கேட்டது.
"மணிமொழியக்கா, இன்னிக்கு ராத்திரியே
கரண்டைப் புடுங்கிருவாங்களாம்.
லிங்க் வந்திருக்கு. மின்வாரியம்னுதான் போட்டிருக்கு.
அமுக்கட்டா?"

அமுக்காதே, படி என்றேன்.
ஹெச், ரெண்டு டி, பி, எஸ்.
"எஸ் இருந்தா நல்லதாமேக்கா?"
எஸ் இருந்தால் டேப் ஒழுங்காக ஒட்டியிருக்கிறது,
வழியில் எவனும் பிரிக்க மாட்டான், அவ்வளவுதான்.
உள்ளே இருப்பது செல்போனா செங்கல்லா,
அனுப்பியவன் யார்,
டேப்புக்கு என்ன தெரியும்?

பிறகு சாய்ந்த கோடு இரண்டு.
மின்வாரியம் டாட் தமிழ்நாடு டாட்
பில்கட்டு டாட் ஷாப்,
மறுபடி ஒரு சாய்கோடு,
அதற்குப் பின்னால் வாய்க்கு வராத எழுத்தும் எண்ணும்.

"பிலவேந்திரா, அந்த இரட்டைக் கோட்டை விடு.
அடுத்து வரும் ஒற்றைக் கோட்டில் வண்டியை நிறுத்து.
அதற்கு அந்தப் பக்கம் மாடி, அறை, அலமாரி.
இப்போது வேண்டாம்.
அங்கிருந்து ரிவர்ஸ் எடு.
புள்ளி புள்ளியாய்.
முதலில் என்ன வருகிறது?"
"ஷாப்."
"அதுக்கும் பின்னால?"
"பில்கட்டு."
"அதுதான் வீட்டுக்காரன் பேர்.
மின்வாரியமும் தமிழ்நாடும் அவன்
தன் கதவில் தானே எழுதிக்கொண்டது.
வீட்டுக்குப் போய்ப் பழைய ரசீதை எடு,
அதில் அச்சடித்த வாலும் இந்த வாலும்..."

லைன் அறுந்தது.
அங்கே சிக்னல் வளைவுக்கு வளைவு மாறும்.
எதுவரை காதில் விழுந்ததோ.

மொட்டை மாடிக்குப் போனேன்.
கோரிமேட்டிலிருந்து பார்த்தால்
இருட்டு மலையில் வண்டி விளக்குகள் தெரியும்.
ஒன்று நகராமல் நின்றது.
அவனாக இருக்கலாம்.
இவ்வளவு தூரத்தில் எல்லா விளக்கும் ஒன்றுதான்.

அவனிடம் சொல்லாத ஒன்று:
போன வருஷம் கேஸ் மானியம் என்று வந்ததை
நான் அமுக்கினேன்.
வாலைப் பார்த்துத்தான் அமுக்கினேன்.
எல் என்று நான் படித்தது
ஒன்று என்ற எண்.
ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று ஒன்பது ரூபாய்.
நாளெல்லாம் நாலாவது இலக்கம் பார்க்கிறவள்.
வீட்டில், பர்ஸ் தொலைந்தது என்று சொல்லிவிட்டேன்.

விளக்கு அசைந்தது. ஏறியது.
வளைவில் மறைந்து, தெரிந்து, மறைந்து.

காலையில் வந்தான்.
மலைப் பையை இறக்கி வைத்தான், கையெழுத்துப் போட்டான்.
நான் கேட்கவில்லை.
போகும்போது வாசலில் நின்று
"ராத்திரி பூரா ஃபேன் ஓடிச்சுக்கா" என்றான்.

பையில் முதல் பார்சல் நனைந்திருந்தது.
நாலாவது இலக்கம் கரைந்து
பூஜ்யமா ஆறா தெரியவில்லை.
தனியே எடுத்து வைத்துவிட்டு
அனுப்பியவரைப் போனில் கூப்பிட்டேன்.