கழித்தல்

புதூர் மாடியில் காலை ஆறேகால்.
யானைமலைக்கு இன்று தலை இருக்கிறது, வால் இல்லை.
மூட்டம் நேற்றைவிடக் கூடுதல் என்று
பால்கணக்கு நோட்டின் பின்பக்கம் குறித்தேன்.
யாரும் கேட்காத கணக்கு அது.

கேட்கிற கணக்கு கீழே, மேசையில்.
செவ்வாயைச் சுற்றும் கலம்
குனிந்து பார்க்காமல், பக்கவாட்டில்,
கோளின் விளிம்பைப் பார்த்து எடுத்த படங்கள்.
ஓரத்தில் பழுப்பு.
அதன்மேல் கொஞ்சம் இருட்டு.
அதற்கும் மேலே அறுபது கிலோமீட்டரில்
எதிலும் ஒட்டாமல் ஒரு கோடு.
பாலாடை மாதிரி என்று அறிக்கையில் எழுத முடியாது.
தனித்த மூட்டப்படலம் என்று எழுதினேன்.

தரையைப் படிப்பவர்கள்
பெங்களூரிலிருந்து கேட்பது ஒன்றே ஒன்று:
தூசியைக் கழித்துக் கொடுங்கள்.
கொடுப்பேன்.
பள்ளத்தாக்கு அவர்களுக்கு,
கழித்தது எனக்கு.
ஒன்றரை மைக்ரான். கோதுமை மாவு அதன் பக்கத்தில் பாறாங்கல்.
புயல் ஓய்ந்து மாதக்கணக்காகியும்
இறங்க மனசில்லாமல் மிதக்கிற ரகம்.

மதியத்துக்கு மேல் எதிர்வீட்டு வீரணன் வந்தார்.
மேலூர்ப் பக்கம் கிரஷரில் பதினோரு வருசம்.
பெரியாஸ்பத்திரி உறையை நீட்டி
"நீங்க தூசி பாக்குறவுகதானே,
இதையும் செத்த பாருங்க" என்றார்.
இது வேற தூசிண்ணே.
"ரெண்டும் கல்லுதானே?"

கல்தான்.

வாங்கி சன்னல் வெயிலுக்கு நேரே பிடித்தேன்.
வெளிச்சத்தைப் பின்னால் வைத்துப் பார்ப்பது,
எனக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான்.
விலா எலும்புகளுக்கு நடுவே, மேல்பாதியில்,
பொடிப்பொடியாய் வெள்ளை.
என் கட்டைவிரல் அதுவாகவே
அடியிலிருந்து உயரம் அளக்கப் போனது.
மடக்கிக்கொண்டேன்.

டாக்டர் என்ன சொன்னாரு?
"எழுதிக் குடுத்துருக்காரு.
இது கீழ எறங்கிருமாக்கா?"

அங்கே இறங்கும்.
ஒரு பருவம் போனால், மெல்ல மெல்ல.
அங்கே மூச்சுவிட ஆளில்லை.

இதைச் சொல்லவில்லை.
வாய்க்கு வந்தது வேறு:
அந்த ஊர்ல சூரியன் மறையிறப்ப
சுத்தி நீலமா இருக்கும்ணே, தூசியாலதான்.
ஏன் சொன்னேன் என்று இன்னும் தெரியவில்லை.

"நீலமாவா?"
படத்தைத் திருப்பி வாங்கி
தானே வெயிலில் தூக்கிப் பிடித்தார்.
இருமல் வந்தது, கை ஆடியது,
படம் ஆடியது. நிற்கும்வரை காத்திருந்து
மறுபடி பிடித்துப் பார்த்தார்.

"ஆமா," என்றார்,
"நீலமாத்தான் இருக்கு."