ஒன்று, ஒன்று, எண்பது

கம்ப்யூட்டருக்கு நாலு தினார் சொன்னான் ரகப்.
வெள்ளிச் சந்தையின் தகரக் கூரைக்கடியில்
ஓடாத மிக்சிக்கும் சாயம்போன கம்பளங்களுக்கும் நடுவே
பல்லைப் போல மஞ்சளேறி உட்கார்ந்திருந்தது.
டாக்ஸிக்கு மூன்று.
ஃபர்வானியாவில் அன்றைக்கு லிஃப்ட் ஓடவில்லை.
நோயாளியைப் புரட்டும் அதே பிடியில்
நாலு மாடியும் தூக்கினேன்.

பிளக்கைச் சொருகியதும் விசிறி சுற்றியது.
பச்சை எழுத்தில் ஒரு வாக்கியம்:
சிஸ்டம் டிஸ்க் இல்லை,
மாற்றிவிட்டு ஏதாவதொரு பொத்தானை அழுத்தவும்.
அழுத்தினேன்.
அதே வாக்கியம்.
எத்தனை தடவை அழுத்தினாலும் அதே வாக்கியம்.
விசா கவுண்டர்தான் இது, என்றாள் ரூபாவதி,
கட்டிலில் கால் நகம் வெட்டியபடி.

தான் யாரென்று இதற்குத் தெரியாது.
ஒவ்வொரு முறை எழும்போதும்
வெளியிலிருந்து யாராவது வந்து சொல்லவேண்டும்.
மயக்கம் தெளிகிறவரிடம் பேர் கேட்போமே,
அதற்கு முந்தைய நிமிடத்தில்
நின்றுபோயிருந்தது.

ஆறு வெள்ளிக்கிழமை அலைந்தேன்.
ரகப் எடுத்துவைத்ததில் ஒன்று பல் டாக்டரின் கணக்கு.
ஒன்றில் பாம்பு விளையாட்டு.
அரபியில் சிஸ்டம் என்று ஒட்டியிருந்ததில் ஒன்றுமேயில்லை.
ஏழாவது வெள்ளி
சால்மியாவில் ஏசித் தண்ணீர் சொட்டிய ஒரு ஸ்டோரிலிருந்து
பிஸ்கட் டின் வந்திருந்தது, உள்ளே பதினோரு டிஸ்க்.
ஒன்றின் மேல் சிவப்புப் பேனாவில்: தொடாதே.
அதற்கு ஆறு தினார்.
என் முகத்தைப் பார்த்துத்தான்
விலை சொன்னான்.

உறைக்குள் தெரிந்த கறுப்பு வட்டில்
தேமல் மாதிரி பூஞ்சை.
பதினோராம் நம்பர் பிளேடால் மேல் விளிம்பைத் திறந்தேன்.
ஈர அப்பளமாய்த் தொய்ந்து வெளியே வந்தது.
ரூபாவதியின் ஷாம்பூ ஒரு துளி,
வார்டில் மிஞ்சிய பாட்டிலிலிருந்து காய்ச்சி வடித்த நீர்
(இன்சார்ஜ் சிஸ்டரிடம் சொல்லாதீர்கள்).
புண் துடைப்பது போல நடுவிலிருந்து வெளியே,
ஒரு பஞ்சு ஒரு தடவைதான்.
அன்றைக்கென்று தூசுக்காற்று.
ஜன்னல் இடுக்கெல்லாம் ஈரத்துண்டு செருகி
பாத்ரூம் கொடியில் காயப்போட்டேன்.
முகம் கழுவ வந்தவள்
எக்ஸ்ரேயா, என்றாள்.

பல் டாக்டரின் உறையைக் கிழித்து இதற்குப் போட்டுவிட்டேன்.
நாற்பது ட்ராக்.
பூஜ்யம் படித்தது. ஒன்று, இரண்டு படித்தன.
ஆறாவதில் இரண்டு செக்டர் செத்திருந்தன.
ஹெட்டை ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு மறுபடி.
துடைத்துவிட்டு மறுபடி.
மணாமாவில் ஒரு பள்ளிக்கூடத்து லேப் உதவியாளர்,
ஜெரோம்தாஸ் என்று பேர், முகம் பார்த்ததில்லை,
தன்னுடையதிலிருந்து அந்த இரண்டை மட்டும் பிரித்து அனுப்பினார்.
ஆயிரத்து இருபத்து நாலு பைட்.
ஒரு குட்மார்னிங் படத்தில் நூறில் ஒரு பங்கு வராது.
குரூப் ஒத்துப்போனது.

புது டிஸ்கில் ஏற்றி, நுழைத்து, கதவை மூடினேன்.
தொண்டையைச் செருமியது டிரைவ்.
நிறுத்தியது.
திரும்பச் செருமியது.

இன்றைய தேதி: செவ்வாய், ஒன்று, ஒன்று, எண்பது.
புதிய தேதி தரவும்.

ரூபாவதி எழுந்து வந்தாள்.
என்னைத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு
தன் பிறந்தநாளைத் தட்டினாள்.
அக்டோபர் பத்தொன்பது, எழுபத்தொன்பது.
செல்லாத தேதி, என்றது.
இன்னொரு தரம், ஒவ்வோர் எண்ணாகப் பார்த்துப் பார்த்து.
செல்லாத தேதி.
எண்பதுக்கு முன்னால் இதற்கு நாளே கிடையாது, என்றேன்.
கொஞ்ச நேரம் திரையையே பார்த்தாள்.
பிறகு பாஸ்போர்ட்டில் இருப்பதைத் தட்டினாள்,
வள்ளியூரில் ஹெட்மாஸ்டர் குத்துமதிப்பாகப் போட்டது,
ஜூன் மூன்று, எண்பத்தொன்று.
மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டது.
அவள் சிரிக்கவில்லை.
நகவெட்டியை எடுத்துக்கொண்டு கட்டிலுக்குப் போனாள்.

அடுத்து மணி கேட்டது.
எனக்கு ஏழு மணிக்கு டியூட்டி.
ஆறு பத்து என்று
அதற்கு மட்டும் உள்ளதைச் சொல்லிவிட்டு
யூனிஃபார்ம் மாற்றப் போனேன்.