முட்டை வகை

முப்பத்திரண்டு பக்கம்தான்.
நாலு பாரத்துக்கு மேல் ஒரு வரி ஓடினாலும்
விலை எண்பதைத் தாண்டிவிடும் என்றார்
சிவகாசி அச்சகத்துக்காரர்.
ஒரு ஊரை நாலு பாரத்தில் மடிக்க
எனக்கு மூன்று வருஷம் ஆயிற்று.

முதல் பக்கத்திலேயே தகராறு.
காரைச் செடி மண்டிக்கிடந்ததால் காரைக்குடி என்றது ஒரு கட்சி,
சுண்ணாம்புக் காரையால் வந்த பேர் என்றது இன்னொரு கட்சி.
இரண்டையும் எழுதி
நடுவில் ஒரு 'அல்லது' வைத்தேன்.
ஜெசிந்தா தூரிகையைக் கடித்தபடி கேட்டாள்:
"அல்லதுக்கு என்ன படம் போட?"

அப்புறம் வீடு.
பர்மாத் தேக்கு, இத்தாலிச் சலவைக்கல்,
பெல்ஜியம் கண்ணாடி, பர்மிங்காம் இரும்பு
என்று கப்பல் கப்பலாக இறக்கிவிட்டு
சுவருக்கு வந்தேன்.
சுண்ணாம்பு, கருப்பட்டி, கடுக்காய்,
முட்டை வெள்ளைக்கரு.
லட்சம் முட்டை என்று எவரோ சொன்னதை
'ஆயிரக்கணக்கான' என்று ஜாக்கிரதையாகக் குறைத்தேன்.

கழனிவாசல் பள்ளியில், நாலாம் வகுப்பில்,
கையெழுத்துப் படியை வாசித்துக் காட்டியபோது
கடைசி பெஞ்சுக்கு அடியிலிருந்து
ஒரு கை மட்டும் மேலே வந்தது.
பென்சில் தேடிக்கொண்டிருந்த பூமிநாதன்.
"யார் வீட்டுக் கோழி?"

வகுப்பு சிரித்தது. டீச்சர் ஸ்கேலைத் தேடினார்.

பள்ளத்தூரில் உமையாள் வீட்டில்
தாள் பறக்குமென்று ஃபேனை நிறுத்திவிட்டு
பேரேட்டைப் பிரித்தோம்.
வேர்வை சொட்டாமல் இருக்க
எட்டி நின்று படித்தேன்.
மோல்மேன் கடையில் யார் என்ன வட்டி தரவேண்டும்,
எவன் கடனுக்கு எந்த நெல்வயல் நின்றது,
எல்லாம் பேர் பேராக.
வாயில் நுழையாத பர்மாக்காரர் பேரைக்கூட
எழுத்துக்கூட்டிப் பிடித்திருந்தது அந்தக் கை.
முகப்புக் கட்டிய வருஷம், மாசி,
நாலாவது வரி:
முட்டை வகையில் ரூபாய் பதினொன்று, அணா ஆறு.

வகை.
பேர் இல்லை.

"ஒரே ஆள்கிட்ட வாங்கியிருக்க மாட்டாங்க" என்றாள் உமையாள்,
சமாதானம் போல.
சரி, எத்தனை ஆள்?
எந்தத் தெரு, எந்தக் கூடை, எவ்வளவு வைக்கோல்,
வெயிலேறுமுன் எந்த வாசல் வழியாக?
உடைந்ததைக் கழித்துக்கொண்டார்களா?
அவள் ஃபேனைப் போட்டுவிட்டாள்.

பத்தொன்பதாம் பக்கத்தில் எழுதினேன்:
இந்த முட்டைகளை யார் வீட்டுக் கோழி போட்டது
என்று தெரியவில்லை.

சென்னையிலிருந்து பதிப்பாசிரியர் ஃபோன்.
"தெரியாததை எந்த அப்பா காசு கொடுத்து வாங்குவார்?"
நான் பேசாமலிருந்தேன்.
"பக்கத்துக்கு எங்கே போவீர்கள்?"
சரவிளக்கை எடுத்துவிடுங்கள் என்றேன்.
ஜெசிந்தா இரண்டு நாள் என்னுடன் பேசவில்லை;
முந்நூறு கண்ணாடித் துளி போட்டிருந்தாள்.
மூன்றாம் நாள்
அந்த இடத்தில் ஒரு செங்கோழி வந்து நின்றது,
கொஞ்சம் கோபமாக.

கார்த்திகை மழையில்
பிளாஸ்டிக் உறைக்குள் நாற்பது பிரதிகளைச் சுமந்துபோனேன்.
பூமிநாதன் இப்போது ஐந்தாம் வகுப்பு, முன் பெஞ்சு.
"உன் கேள்விதான் இது" என்று பக்கத்தைப் பிரித்து நீட்டினேன்.
வரியை அவன் படிக்கவே இல்லை.
கோழிக்காலில் விரலை வைத்து எண்ணினான்.
"மூணுதான் இருக்கு.
பின்னாடி ஒண்ணு உண்டு, விட்டுட்டீங்க.
அது இல்லாட்டி ராத்திரி
மரத்துல எப்படிப் பிடிச்சு நிக்கும்?"

உனக்கெப்படித் தெரியும் என்றேன்.
"எங்க வீட்டுல ஒம்போது இருக்கு."
சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டான்,
ரயில் வந்த கதைக்கு.

இரண்டாம் பதிப்புக்கான பிழைத்தாளில்
இதுவரை ஒரே ஒரு பதிவு.
பக்கம் பத்தொன்பது:
பின்விரல்.